ஜோடியில்லாத வள்ளங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், எனக்கு ஒரே இடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனால் ஓடப் பார்க்கிறேன் என்று உங்கள் ஏட்டையா நினைக்க வேண்டாம். நடந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். காற்று வேறு இப்படி அடிக்கிறது. அந்தக் கதவை யாராவது ஒரு கல் வைத்து நிறுத்தினால் நல்லது.

என் பெயர் எலியேசர். பாளையங்கோட்டையில் புதுக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். பெங்களூரில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்துவிட்டு வந்தவன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் புத்தகம் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லாது, நான் சொல்வேன்.

ஜெய்சனும் அவன் தங்கை ரீபாவும் போன வருஷம் வந்தார்கள். ஆழ்வார்குறிச்சிப் பிள்ளைகள். வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மீன்பிடிக்கப் போகும் வள்ளங்களுக்காக ஒரு பட்டன் செய்திருந்தார்கள். தீப்பெட்டி அளவுதான். கழுத்தில் கயிறு கட்டிப் போட்டுக்கொள்ளலாம். கடலில் ஆபத்து என்றால் அழுத்த வேண்டும். மாதா கோயில் கோபுரத்து உச்சியில் வைத்திருக்கும் பெட்டி அதைப் பிடித்துக் கரைக்குச் செய்தி அனுப்பும். செய்தி வந்ததும் எந்த வள்ளம், எந்தத் திசை என்று பார்த்து, ஊர்க் கமிட்டிக்கும் கடலோரக் காவல் படைக்கும் தானாகச் சொல்ல ஒரு மிஷின் வேண்டும். அது மட்டும் தயாராகவில்லை. எட்டு மாதம் ஆகும் என்றான் ஜெய்சன்.

எட்டு மாதம் காத்திருக்கிறவன் கம்பெனி நடத்த லாயக்கில்லை என்றேன். மிஷின் செய்ய வேண்டிய வேலையை முதலில் கையால் செய். ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு மிஷினைக் கட்டு. இது நல்ல ஆலோசனை மேடம், இன்றைக்கும் சொல்வேன். செய்தி ஒரு செல்போனுக்கு வரும்படி வைத்தோம். ரீபா அதைக் கையிலேயே வைத்திருந்து, அடித்தால் கமிட்டிக்குப் போன் போடுவாள்.

"அங்கிள், மிஷின் பாக்குதுன்னு சொல்லுதோம். நான்தான பாக்கேன். பொய்யில்லையா?" என்று கேட்டாள்.

நாளைக்கு உண்மையாகப் போவதை இன்றைக்கே சொல்கிறோம், அவ்வளவுதான் என்றேன். சமாதானமாகிவிட்டாள். நாலு மாதம் அந்தப் பெண் குளிக்கப் போகும்போதுகூடப் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு அழைப்புகூடத் தவறவில்லை.

இரண்டாவது ஆலோசனைதான் கொஞ்சம் விளக்க வேண்டியது. உன் போட்டியாளர் வேறொரு கம்பெனி அல்ல, ஜனங்களின் பழைய பழக்கம்தான் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். அந்த ஊரில் வள்ளங்கள் ஜோடியாகத்தான் போகும். ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரிய வேண்டும். முதலில் கரையேறினவன் ஜோடிக்காரன் வரும்வரை மணலிலேயே நிற்பான். மீனை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு இவன் மட்டும் நிற்பான், வெயிலானாலும் சரி. அந்தப் பழக்கம் இருக்கிறவரை எங்கள் பட்டன் ஒரு விளையாட்டுச் சாமான். ஆகவே ஜோடியை விட்டுத் தனியாகப் போகும் வள்ளத்துக்கு ஆறு மாதம் இலவசம் என்று அறிவிக்கச் சொன்னேன்.

பதினேழாம் நம்பர் வள்ளத்துக்காரன் வளன்தான் கடைசிவரை தயங்கினான். நானே நேரில் போய்ப் பேசினேன்.

"ரெக்சனும் நானும் பன்னெண்டு வருசமா ஜோடி அண்ணாச்சி. அவன் வள்ளம் கண்ணுல தெரிஞ்சாத்தான் எனக்கு வலையில கை ஓடும்."

"அவன் பைய வாரான், அவனுக்காக நீயும் பிந்துத. இத மாட்டிக்கோ. அவன் கண்ணவிட இது நல்லாப் பாக்கும்."

"அழுத்துனா யாரு பாக்கது?"

"மிஷின் பாக்கும் வளன். அது தூங்காது."

சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினான். நானே மாட்டிவிட்டேன். தனியாகப் போகும் வள்ளங்கள் முதல் மாதம் ஒன்பது, நாலாம் மாதம் முப்பத்தொன்று. அந்தக் கணக்கைச் சுவரில் படமாக வரைந்து ஒட்டியிருந்தோம். முதலீட்டாளர்களுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது.

அவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த அன்றுதான் நீங்கள் கேட்கும் விஷயம் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஹால் எடுத்திருந்தோம். ஆரம்ப ஜெபம் நான்தான் செய்தேன். ரீபா மேடையில் பேச வேண்டும் என்பதால் போனை என்னிடம் கொடுத்தாள். "அடிச்சா உடனே கமிட்டிக்குப் போடுங்க அங்கிள், ரெண்டு நிமிஷங்கூடப் பொறுக்காதீங்க" என்றாள். சரி என்றேன்.

பதினொரு மணி ஆறு நிமிஷத்துக்கு அது சட்டைப்பையில் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். பதினேழு. ரீபா அப்போதுதான், "மனிதக் கை படாமல் எல்லாம் தானாக நடக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியம். எனக்கு இரு பக்கமும் முதலீட்டாளர்கள். எழுந்து வெளியே போய்ப் போன் பேசினால் மிஷின் நான்தான் என்று தெரிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது. வளனைப் பற்றி அல்ல, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் பேசி முடிக்கட்டும் என்று போனைக் கவிழ்த்துத் தொடைக்கடியில் வைத்தேன். பத்து நிமிஷம் உட்கார முடியாதவன் அன்று முப்பத்தைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தொடையில் ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது.

அப்புறம் நின்றுவிட்டது. அவனே சமாளித்துக் கரைக்கு வந்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் போனோம். இனிமேல் சொன்னால் எப்போது வந்தது என்று கேட்பார்கள். கழிவறைக்குப் போய்ச் செய்திகளை அழித்தேன். கமிட்டிக்குப் போன் போடவேயில்லை. கரையில் அன்று இருபது வள்ளமாவது சும்மா நின்றிருக்கும். அரை மணி நேர தூரம்தான்.

அவன் கரை திரும்பவில்லை என்று ஊரார் தேடப் போனது சாயங்காலம்தான். கவிழ்ந்த வள்ளம் மறுநாள் கிடைத்தது, வளன் மூன்றாம் நாள். பட்டன் கழுத்தில்தான் இருந்தது. மூன்று நாளில் எந்த பேட்டரியும் தீர்ந்துவிடும். அது எனக்கு வசதியாகப் போயிற்று. சார்ஜ் போடாமல் போயிருக்கிறான் என்று ஊரில் சொன்னேன்.

அவன் மனைவி பவுலின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாந்தான் சார் சார்ஜ் போட்டேன். பச்சை லைட் எரிஞ்ச பெறவுதான் கழத்தி அவிய கையில குடுத்தேன்" என்று அடக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சில நேரம் சுவிட்சு போட மறந்துபோகும் அம்மா, உன்னை யாரும் குறை சொல்லவில்லை என்றேன். அன்றிலிருந்து ஊரே அவளைக் குறை சொன்னது. வளனின் அம்மா அவளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பவுலின் பெயரைச் சொல்லி நான் ஜெபிக்காத நாளில்லை.

போன வாரம் ஜெய்சன் கோபுரத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்திருக்கிறான். வருகிற செய்தி எல்லாம் அதிலும் ஒரு பிரதி பதிவாகும். எந்தத் தகவலையும் இரண்டு இடத்தில் வை என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை அச்செடுத்த தாளைத்தான் ரீபா உங்கள் மேஜையில் வைத்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாளே, அவளுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வளன் அழைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுந்திருக்கவில்லை. பழி அவன் மனைவி மேல் விழும் என்பதும் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம், அந்தப் பிள்ளைகளின் உழைப்பு வீணாகக் கூடாது. அவன் பதினான்கு முறை அழுத்தியிருக்கிறான். பதினான்கும் நாலு விநாடிக்குள் என்னிடம் வந்து சேர்ந்தன. எங்கள் கருவியில் ஒரு குறையும் கிடையாது.