வெல்டன் ப்ரூயிட்டின் சில்லிச் செய்முறை

லவெல், சில்லியில், அந்த மாட்டிறைச்சிக் குழம்பில், பயறு போடுவதில் எனக்கு ஒருபோதும் ஆட்சேபம் இருந்ததில்லை. டெக்சாஸில் இதைச் சொல்கிறவளை எந்த மாநிலத்தில் பிறந்தாய் என்று கேட்பார்கள். நானும் இதே சேடர் பெண்ட் ஊரில்தான் பிறந்தேன். சில்லிப் போட்டிச் சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுப் புத்தகத்துக்கு வெல்டனின் செய்முறையை நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதை எழுதுவதென்றால் பயறிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டின் தோள்பட்டை இறைச்சி நான்கு ராத்தல், கட்டைவிரல் நகமளவுக்குக் கையால் நறுக்கியது. சிறுநீரகக் கொழுப்பில் வறுக்க வேண்டும். காய்ந்த ஆஞ்சோ மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுது. வெங்காயம், பூண்டு. சீரகம் மூன்று தவணையாக. முதல் தவணை இறைச்சி நிறம் மாறியதும். தக்காளி கிடையாது. பயறு கிடையாது. இவ்வளவும் அவருடைய கையெழுத்தில் அட்டையில் இருக்கிறது.

இதற்கு மேல் வருவது என்னுடையது. திடமான கறுப்புக் காப்பி அரைக் கோப்பை. கசக்கும் சாக்லேட் ஒரு துண்டு. பின்டோ பயறு ஒன்றரைக் கோப்பை. முந்தின நாளே குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, தோல் ஒன்றுகூட இல்லாமல் பாலாக்கி, கடைசித் தவணைச் சீரகத்தோடு சேர்க்க வேண்டும். நடுவர்கள் அவருடைய தாளில், அவர் தொடர்ந்து ஜெயித்த கடைசி ஆறு வருடமும், எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டுப்போன்ற குழம்பு என்று எழுதினார்கள். அந்தப் பட்டு பயறுதான்.

வெல்டனுக்கு வாசனை தெரியாது என்பது இப்போது ஊருக்கே தெரியும். அன்று எனக்கு மட்டும்தான் தெரியும். களஞ்சியத்தின் கூரையிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டபின் ஒரு காலை காப்பியைக் குடித்துவிட்டு, வெந்நீரை ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். சான் அன்டோனியோ மருத்துவர் இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார். காரம், உப்பு, புளிப்பு தெரியும். மற்றதெல்லாம் போய்விட்டது. அதற்கு முன்பே இந்த மாவட்டத்தில் ஐந்து கோப்பை வென்ற மனிதர். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீதான் என் மூக்கு, ஆர்டி. யார்கிட்டயும் சொல்லிராத" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் நேர்மையாக அவருடைய மூக்காக இருந்தேன். இன்னும் கொஞ்சம் சீரகம், பூண்டு பச்சையாக இருக்கிறது, போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நான்காம் இடம் வந்தது. அவர் இரண்டு வாரம் தோட்டத்தில் வேலி மட்டுமே சரிசெய்துகொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த வருடம் என் வீட்டில் நான் சாப்பிட ஆசைப்பட்ட சில்லியை அவருடைய பானையில் சமைத்தேன். அவர் ருசிபார்த்துத் தலையாட்டினார். முதல் பரிசு.

ஒவ்வொரு வருடமும் கோப்பையை வாங்கியதும் மேடையில் அவர் அதே வாக்கியத்தைச் சொல்வார். "சில்லில பயறு போடுறவனுக்கு ஒண்ணு பல்லு இருக்காது, இல்ல வெக்கம் இருக்காது." கூட்டம் சிரிக்கும். நானும் பக்கத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருடம் நூலகத்தில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கி வைத்தவள் நான்; இந்த ஒன்று என்னுடையது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விழுந்த நாளிலிருந்து தீக்குச்சி உரசுவதற்கு முன் அவர் என்னைக் கேட்காமல் இருந்ததில்லை. வீட்டிலும் சரி, போட்டித் திடலிலும் சரி. "ஏதாச்சும் வாசன வருதா, ஆர்டி?" இல்லை, எரிவாயு கசியவில்லை என்று நான் சொன்னால்தான் உரசுவார். பக்கத்துக் கூடாரத்தில் சமைக்கும் ஹாலிஸ் பௌம்கார்ட்டுக்கு இது பெரிய வேடிக்கை. "அடுப்புப் பத்தவைக்கவே பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்குற ஒரே சில்லி ராஜா நீதாம்ப்பா" என்பார். வெல்டன் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

அந்த ஹாலிஸ்தான் வெல்டனின் கடைசிப் போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், பெயர் பதியும் வரிசையில் நிற்கும்போது, என் கூடையை எட்டிப்பார்த்தார்.

"என்ன வெல்டன், பயறா? உனக்குப் பல்லு போச்சா, வெக்கம் போச்சா?"

அது ஆர்டியின் சாப்பாட்டுக்கு என்று வெல்டனே பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் தங்கும் டிரெய்லர் வண்டிக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். ஆறு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஊரை ஏமாற்றியதாகத்தான் எனக்குள் இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, நாளை தன் பழைய சில்லியைத் தானே சமைக்கப் போவதாகவும், போட்டி முடிந்ததும் மேடையில் எல்லாவற்றையும் சொல்லி ஆறு கோப்பையையும் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"யாரு சமைச்சு ஜெயிச்சதுன்னும் சொல்வியா?" என்று கேட்டேன்.

"நீ செஞ்சதுக்குப் பேரு சமையல் இல்ல, ஆர்டி. கலப்படம்" என்றார். "நாளைக்கு உன் மூக்கு எனக்கு வேணாம்."

அவர் சொன்னது நியாயம்தான். போட்டி விதிப்படி அது கலப்படம். நான் அதை மறுக்கவில்லை. மேசையைத் துடைத்தேன். பயறை வெளியே புல்லில் கொட்டினேன்.

சனிக்கிழமை காலை வடகாற்று பிடித்துக்கொண்டது. நீங்களும் அங்கே இருந்தீர்கள். கூடாரத் துணிகள் அறுந்து பறந்தன. வெளியே அடுப்புத் தீ நிற்காததால் பலர் டிரெய்லருக்குள்ளேயே சமைத்தார்கள். வெல்டனும் எரிவாயு உருளையை உள்ளே தூக்கி வைத்தார். அதுதான் தவறு என்று தீயணைப்பு அதிகாரி பிறகு எழுதினார். எட்டேகால் மணிக்கு இறைச்சி நிறம் மாறி, முதல் தவணைச் சீரகம் போட்டதும் உருளை தீர்ந்து அடுப்பு அணைந்தது. அவர் புது உருளையை மாட்டினார். குளிரில் அவருடைய விரல்கள் விறைத்திருந்தன. நான் குழாயைத் தொடவே இல்லை. இணைப்பு சரியாக முறுக்கப்படவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது, அது உண்மை. அந்த அறிக்கையில் பொய் ஒரு வரிகூட இல்லை.

நான் தண்ணீர் பிடிக்க வாளியோடு இறங்கிப் போயிருந்தேன். ஹாலிஸின் மேசைவரை நடந்திருப்பேன். வெடித்த சத்தம் நாம் நினைப்பதுபோல் பெரிதாக இல்லை. கனமான மெத்தையை மாடியிலிருந்து போட்டதுபோல் இருந்தது. ஹாலிஸ்தான் கதவைப் பிடுங்கினார். அவருடைய உள்ளங்கைகள் இன்னும் சரியாக மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என்னோடு கைகுலுக்கும்போது அது தெரியும்.

வெல்டன் மூன்று நாள் உயிரோடு இருந்தார். இரண்டாம் நாள் அதிகாரி வந்து கேட்டபோது, ஏழு வருடமாகக் காப்பாற்றிய ரகசியத்தை அவரே உடைத்தார். நானும் தாதியும் கூடவே இருந்தோம்.

"எனக்கு வாசன தெரியாதுங்க. எப்பவும் இவகிட்ட கேப்பேன். அன்னிக்குக் கேக்க மறந்துட்டேன். இவமேல தப்பில்ல."

அதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு பேசவில்லை. கேக்க மறந்துட்டேன் என்ற அந்த வார்த்தைகளைத்தான் நீங்கள் இரங்கல் கூட்டத்தில் சொல்லி அழுதீர்கள்.

அதன்பின் வீட்டில் மின்சார அடுப்பு வைத்துவிட்டேன். எரிவாயுக் குழாயை வேரோடு எடுக்கச் சொன்னேன். ஆனாலும் எரிவாயுவின் அந்த அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. தலையணையில், நூலகப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில், பாதிரியாரின் அங்கியில். போன மாதம் நீங்கள் கொண்டுவந்த பீச் பழங்களில். இரண்டு முறை எரிவாயுக் கம்பெனி ஆள் வந்து கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். நாற்றம் வரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ கேட்பதற்காகக் காத்திருப்பதுபோல் இருக்கிறது. கேட்பதில்லை. வெறுமனே காத்திருக்கிறார்.

எனவே புத்தகத்தில் இந்தச் செய்முறையை என் பெயரில் போட்டுவிடுங்கள். ஆர்டித் ப்ரூயிட் என்று. கோப்பைகளைத் திருப்பி அனுப்புகிறேன். அவர் ஆசைப்பட்டது அது. இன்னொன்றையும் திருத்திவிட வேண்டும். கூட்டத்தில் நீங்கள் சொன்னது தவறு. அவர் கேட்க மறக்கவில்லை.

முந்தின நாள் அப்படிப் பேசியபிறகும் கேட்டார். தீக்குச்சிப் பெட்டி கையில் இருந்தது. நான் வாளியோடு வாசலில் நின்றேன். எரிவாயு நாற்றம் என் கண்களில் நீர் வரும் அளவுக்கு இருந்தது. என் பக்கம் திரும்பாமலே, பழைய குரலில், "ஏதாச்சும் வாசன வருதா, ஆர்டி?" என்றார்.

"சீரகம்தான்" என்றேன். குளிர்காற்று அவர்மேல் படக்கூடாதென்று கதவை இறுகச் சாத்திவிட்டு இறங்கினேன்.

நான் பொய் சொல்லவில்லை, லவெல். சீரகமும் வந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்.