ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தேன்

உங்கள் மின்விசிறியில் ஒரு சத்தம் இருக்கிறது, ஐயா. பேரிங் இல்லை. மேலே கூரையோடு ஒட்டியிருக்கும் கிண்ணத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. கொடுக்கமாட்டீர்கள், அது புரிகிறது. சத்தமே கேட்கவில்லை என்கிறீர்கள், அதுவும் புரிகிறது. எனக்குக் கேட்பது பிறருக்குக் கேட்காமல் இருப்பது முப்பத்தொரு வருடமாகப் பழகிப்போன விஷயம்.

நீங்கள் மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். உங்கள் குரலில் காற்று அதிகம்.

ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பெயரே 'காது'தான். டீசல் பிக்கப்பும் பெட்ரோல் காரும் விற்கும் கம்பெனி அது. முன்னால் கண்ணாடிக்குள்ளே புது வண்டிகள், பின்னால் எண்ணெய்க்குள்ளே நாங்கள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போனை எஞ்சின் பக்கம் பிடித்தார். பக்கத்தில் அவர் மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது இன்ஜெக்டர் போய்விட்டது, அந்த அம்மா சொல்வது எல்லாம் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். இரண்டுமே உண்மை என்று மறுநாள் தெரிந்தது. இன்னொரு முறை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ரோட்டில் தூரத்தில் வந்த பிக்கப்பின் பின்சக்கரத்தில் நாலாவது நட் தளர்ந்திருக்கிறது என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ ஆறுவதற்குள் அந்தச் சக்கரம் தனியாக வந்து எங்களைத் தாண்டிப் போனது. வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் வண்டி கழுவுகிற பக்கம் போடப்போவதாக மேனேஜர் சொன்னார்.

சரிசெய்து அனுப்பிய வண்டி அதே குறையோடு பதினைந்து நாளுக்குள் வாசலில் வந்து நின்றால், அதற்கு எங்கள் பாஷையில் 'திரும்பி' என்று பெயர். மேனேஜர் அறையில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. மாதம் எத்தனை திரும்பி என்று அதில் எழுதுவார். ஒன்று, இரண்டு என்று இருந்தது போன வருடம் ஐந்தானது, ஆறானது, ஒன்பதில் வந்து நின்றது. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மூன்றாவது முறையாக வந்து முன்மேசையில் நின்று கத்தினார்.

"என் வண்டி என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா? வாராவாரம் வந்து உக்காந்துட்டுப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பெரியவரே, டீசல் பக்கம் நாலு பேர் இருக்கீங்க. தலைவர் நீங்க. மூணு மாசம் தரேன். இது ரெண்டுக்குக் கீழ இறங்கணும். இல்லேன்னா நீங்க கழுவுற பக்கம் போயிடுங்க. அங்க நிழல் இருக்கு, உக்காந்தே துடைக்கலாம்."

முப்பத்தொரு வருடம் வண்டிக்கு உள்ளே பார்த்தவனை வெளியே துடைக்கச் சொன்னார். நான் கோபப்படவில்லை. எதையும் குறை என்னவென்று தெரிந்த பிறகு பேசுவதுதான் என் வழக்கம்.

எஞ்சினில் 'டொக் டொக்' என்று ஒரு தட்டல் வருகிறது என்று வையுங்கள். நாலு சிலிண்டரில் எது குற்றவாளி என்று வெளியே நின்று சொல்ல முடியாது. அப்போது ஒவ்வொன்றாகத் துண்டிப்போம். ஒன்றுக்கு டீசல் போவதை நிறுத்திவிட்டுக் கேட்போம். தட்டல் தொடர்ந்தால் அது நிரபராதி, திரும்பவும் மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவோம். எதைத் துண்டிக்கும்போது தட்டல் நிற்கிறதோ அதுதான் ஆள். இதைவிட நியாயமான விசாரணை எனக்குத் தெரிந்து கிடையாது. அடி இல்லை, மிரட்டல் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்திலும் நாலு பேர். நான், பாட்டுக்காரர், 'கம்ப்யூட்டர்' என்று நாங்கள் கூப்பிடும் ஆள், என் மச்சினன். என்னை விட்டுவிட்டால் மூன்று.

முதலில் அவர்களை லீவில் போகத்தான் சொன்னேன். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மாதம், ஒருவர் மாற்றி ஒருவர்.

"ஒரு மாசமா? வீட்ல இருந்தா பாத்திரம் தேய்க்கச் சொல்லுவா. இங்கயே கெடக்கேன் அண்ணே," என்றார் பாட்டுக்காரர்.

மற்ற இருவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மேனேஜரும் ஆள் பத்தாது என்றார். துண்டிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாட்டுக்காரர் வேலை செய்யும்போது பாடுவார். முன்பெல்லாம் ஷெட் முழுக்கக் கேட்கும். கடைசி ஒரு வருடமாகக் குரல் இறங்கிவிட்டது, பாவம், வாய் மட்டும் அசையும். அன்று லிஃப்டில் வண்டியை ஏற்றிக் கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தோம். எண்பது கிலோ. அதைத் தாங்கும் ஜாக் என் கையில் இருந்தது, கட்டியிருந்த பட்டையும் என் கையில் இருந்தது. அவர் காலை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். பிறகு பட்டையைத் தளர்த்தினேன். முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. அவர் ரொம்ப நேரம் வாயைத் திறந்தபடியே இருந்தார். பாட்டு பாதியில் நின்ற முகம்தான் அது.

அந்த மாதம் பலகையில் பத்து. ஆகவே அவர் நிரபராதி. பழம் வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

"உங்க மேல தப்பே இல்ல, இப்ப நல்லாத் தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வந்து பார்த்தவர்களிலேயே அவரைக் குறை சொல்லாத ஒரே ஆள் நான்தானாம். கால் பிறகு சரியாகவில்லை. திரும்ப மாட்ட முடியாமல் போனது எனக்கும் வருத்தம்தான்.

அடுத்தது கம்ப்யூட்டர். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். லேப்டாப்பை வண்டியில் மாட்டாமல் பானட்டைக்கூடத் திறக்கமாட்டார். அவர் மேல் எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. என்னை 'சார்' என்று கூப்பிட்டது ஒர்க்‌ஷாப்பிலேயே அவர் மட்டும்தான்.

டீசல் எஞ்சினில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று உங்களுக்குத் தெரியாது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது கத்தி. அதனால் கசிவைத் தேடும்போது ஒரு அட்டைத் துண்டை முன்னால் நகர்த்திப் பார்ப்போம். அட்டை நனைந்தால் அங்கே ஓட்டை. கையை மட்டும் காட்டக் கூடாது. இது முதல் நாள் பாடம். அவர் அட்டையோடுதான் வந்தார். நான் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அட்டை வச்சுப் பாக்குறது கத்துக்குட்டிங்க வேலை. கை வைங்க. விரல்ல தெரியும்," என்றேன்.

"ஆபத்துன்னு போட்டிருக்கே சார்."

"போட்டவன் ஒரு நாளாவது ஸ்பேனர் புடிச்சிருப்பானா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. கையை உள்ளே விட்டார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு சார்."

"எறும்புதான்."

ஒரு சின்னப் புள்ளி. ரத்தம்கூட இல்லை. நானே பிளாஸ்திரி ஒட்டி, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். எனக்கும் அது தெரியும். மறுநாள் மதியம் உள்ளங்கை கறுத்து வீங்கி, ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பியதுபோல் இருந்ததாம். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கைக்கு மேலே. டீசல் அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். நான் எதிர்பார்த்தது ஒரு கை மட்டும்தான்.

அந்த மாதம் பதினொன்று. அவரும் நிரபராதி.

மூன்றாவது, என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனை அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டவனே நான்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"அது நீ சொல்றதப் பொறுத்தது."

"எல்லா வண்டியையும் கடைசியா ஓட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடறது நீங்கதான். பண்ணைக்காரர் வண்டி வாசலுக்குள்ள வரும்போதே முன்சக்கரம் கத்துச்சு. நீங்க 'சத்தம் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்காவும் சொல்லுச்சு. டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதாம். வாங்க, ஒருநாள் காது டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாம். நானே வண்டில கூட்டிட்டுப் போறேன். யாருக்கும் தெரிய வேணாம். மிஷின் வச்சா சரியாப் போயிடும் அத்தான்."

நல்ல பிள்ளை. மெதுவாகப் பேசினான், அவன் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டிவியின் ஸ்பீக்கர் பலவீனமானது, அதை அவனிடம் அப்போதே சொன்னேன். இந்தப் பேச்சைக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அவன் முறை எப்படியும் வந்திருந்தது. டீக்கு முன்பே வந்திருந்தது.

பிக்கப்பின் முன்பக்க ஸ்பிரிங் உங்கள் தொடை பருமன் இருக்கும். கழற்றும்போது இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, திருகி இறுக்கி, அடக்கி வைப்போம். அடங்கியிருக்கும்வரை சாது. அன்று சாயங்காலம் அவன் அதன் மேல் குனிந்து மேல் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கொக்கியின் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தான், உங்க பக்கம் கெட்டியா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு," என்றேன். பிறகு திருகித் தளர்த்தினேன்.

ஸ்பிரிங் அவன் தாடைக்கு அடியில் புகுந்து கூரைத் தகடுவரை போய்த் திரும்பியது. மூக்குக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. கண் இரண்டும் நன்றாக இருந்தன, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தன. கூரையில் பட்ட பள்ளத்தை உங்கள் ஆட்கள் போட்டோ எடுத்திருப்பார்கள். தரையை நான் மரத்தூள் போட்டுக் கூட்டினேன். எண்ணெய் சிந்தினாலும் அப்படித்தான் செய்வோம்.

வீட்டில் என் மனைவி தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டாள். வாய் அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. துக்கத்தில் சிலருக்குக் குரலே போய்விடும், பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் பெட்ரோல் பக்கத்திலிருந்து இரண்டு பேரை இரவல் வாங்கி ஓட்டினேன். பார்த்த வண்டியே பதினாலு. அதில் ஏழு திரும்பி வந்தன. ஆகவே மச்சினனும் நிரபராதி. அவன் படத்தின் முன்னால் நின்று அதைச் சொன்னேன்.

கெடுவின் கடைசி நாள், ஜாப் கார்டு ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். அதில் மூன்று கட்டம் இருக்கும்: புகார், காரணம், செய்த வேலை. புகார் என்ற இடத்தில், திரும்பி வரும் வண்டிகள். செய்த வேலை என்ற இடத்தில், மூன்று பேரையும் தேதியோடு. காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, கீழே ஒரு குறிப்பு வைத்தேன்: அடுத்து முன்மேசை அம்மாவைத் துண்டித்துப் பார்க்க அனுமதி வேண்டும், அவர் புகாரைத் தப்பாக எழுதிக்கொள்கிறாரோ என்று சந்தேகம். வேலை முறையாக நடந்திருப்பதைப் பார்த்தால் இன்னும் ஒரு மாதம் கொடுப்பார் என்று நினைத்தேன். மேனேஜர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அவர் பூட்டியதை நான் கவனிக்கவில்லை. அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

இவ்வளவுதான், ஐயா. மூன்றையும் நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

என்ன? அந்தக் காகிதத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

"அஞ்சு வாரம் ஆச்சு பெரியவரே. டீசல் பக்கம் புது ஆளுங்க நாலு பேர். உங்க மேனேஜர்கிட்டதான் கேட்டு எழுதினேன். நீங்க இங்க வந்ததுலேர்ந்து ஒரு வண்டிகூடத் திரும்பி வரல. பலகையில சைபர். இப்ப நீங்களே சொல்லுங்க, யாரத் துண்டிச்சதும் தட்டல் நின்னுச்சு?"

சைபரா.

அப்படியானால் மூன்று பேரில் ஒருவர்தான், ஐயா. நான்தான் அவசரப்பட்டு நிரபராதி என்று எழுதிவிட்டேன். டீசலை நிறுத்தினாலும் குழாயில் தங்கியது கொஞ்ச நேரம் எரியும், தட்டல் உடனே நிற்காது. இவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் என்பது இனித் தெரியப்போவதில்லை, போகட்டும். வேலை முடிந்தது, அதுதான் முக்கியம்.

மேனேஜர் இரண்டுக்குக் கீழே என்றார். நான் சைபருக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அவர் சொன்ன சொல் மாறாதவர். போனில் பேசும்போது ஞாபகப்படுத்துங்கள்: என் இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டாம், வண்டியைக் கடைசியாகக் கேட்டுக் கையெழுத்துப் போட அங்கே வேறு யாரும் இல்லை.