பெய்ஹோ தெருவில் ஒரு வெள்ளை இடம்

— பூனைக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா? சொல்லுங்க ஓவியரே!

— குவன், முதல்ல உட்காரு. கடையில யாரு?

— கடை கெடக்குது! "லாவ் நம்ம பெய்ஹோ தெருவைப் பதினெட்டு அடிக்கு வரைஞ்சிருக்காரு, நாளைக்குக் கண்காட்சிக்குப் போகுது"ன்னு ஏரியா முழுக்க இதே பேச்சு. ஆசை ஆசையா ஓடி வந்தா... இது யாரு?

— கடிகாரம் ரிப்பேர் பண்ற ஃபங்.

— அவன் மூக்கு மயிர்கூடத் தெரியுது. இது?

— நாலாவது மாடித் துணிக்கொடி.

— அங்க காயுற பைஜாமாவைக்கூட விடலை. அரிசிக் கடைப் பூனை மூட்டை மேல ஜம்முனு தூங்குது. என் கடை இருக்கற மூலையில மட்டும் வெறும் காகிதம்! மை தீந்துபோச்சா? பன்னிரண்டு வருஷமா என் கையால பன்னு வாங்கித் தின்ன வாய்தானே இது!

— வெறும் காகிதம் இல்லம்மா. ஆவி.

— எது?

— நீ பன்னு வேகவைக்கற மூங்கில் கூடையைத் திறந்தா குபுகுபுன்னு வருமே, அதான். மேகம், பனி, புகை எதையும் நாங்க மை தொட்டு வரைய மாட்டோம். காகிதத்தை அப்படியே விட்டுடுவோம். ஜனங்க எந்தப் பக்கம் திரும்பியிருக்காங்க, பாரு.

— அட! ஃபங் இங்கதான் பாக்கறான். தூங்கற பூனைக்குக்கூட மூக்கு இந்தப் பக்கம்!

— மொத்தத் தெருவும் உன்கிட்டதான் வருது.

— பேச்சுல குறைச்சல் இல்ல. என் மூஞ்சி எங்க? ஒரு கண்ணு, ஒரு மூக்கு வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?

— தெரிஞ்சாத்தானே வரையறது? உன் கடைக்கு வந்தாலே என் மூக்குக்கண்ணாடி வேர்த்துடும். இன்னிக்குத்தான் உன்னைத் தெளிவாப் பாக்கறேன்.

— ஐயே! அதுக்காக இப்படியா பாப்பாங்க? சரி... என் கடை வரிசையில கடைசியா, குடையோட நிக்கற இந்த ஒல்லிக்குச்சி யாரு?

— நான்தான்.

— இங்கயும் கடைசியாத்தானா?

— கடைசியா வந்தா உன்கூட ரெண்டு வார்த்தை பேசலாமேன்னுதான். பசியே இல்லாமகூட வந்திருக்கேன், குவன். எனக்கு அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். நிலாத் திருநாள் கூட்டத்துலகூட எனக்குன்னு ஒரு பன்னு மிஞ்சியிருக்கும்.

— அதிர்ஷ்டமா? யோவ்! போலீஸ்காரன் கேட்டப்பகூடத் தீந்துபோச்சுன்னு பொய் சொல்லி, தினம் அதைத் துண்டுக்கடியில ஒளிச்சு வெக்கறது யாருன்னு நினைச்சே?