பூங்காவனத்தை நேரில் காணலாம்

நோட்டீஸ் வாங்குகிறவன் அதை உடனே வாசிப்பதில்லை. தாள் தடிமனா என்று விரலால் தடவிப் பார்க்கிறான். தடிமனாக இருந்தால் எதையாவது மடிக்க உதவும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். மெல்லியதாக இருந்தால் அடுத்த சாக்கடையில் போட்டுவிடுகிறான். இதைக் கவனிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின, இன்ஸ்பெக்டர். கவனித்த பிறகு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை போயிற்று. தொழில் மட்டும் நன்றாக வந்தது.

காஜா பேராங்கில் அச்சகம் வைத்திருக்கும் ராஜரத்தினம் என்றால் உங்கள் ஆட்களுக்கே தெரியும். சுதந்திரம் வந்த வருடம் மலாக்கா முழுக்கக் காகிதமாகக் கிடந்தது. கட்சிக்காரர், சங்கத்துக்காரர், குடியுரிமைக்கு மனு எழுதித் தருகிறவர், எல்லோரும் நோட்டீஸ் அடித்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். கையகலத் தாளில் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

கலியாணசுந்தரமும் அப்படித்தான் வந்தார். ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடையின் பின்கட்டில் 'சுவாச சஞ்சீவி' என்று ஒரு டானிக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார். இஞ்சி, கிராம்பு, குலா மலாக்கா வெல்லம், சூட்டுக்குக் கொஞ்சம் பிராந்தி. குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் அதுவரை அடித்திருந்த நோட்டீஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே முருகன், அதன்கீழ் அவரே இயற்றிய வெண்பா, பிறகு வழுக்கையில் தொடங்கி மலட்டுத்தன்மை வரை நோய்களின் வரிசை, நடுவில் கோட்டுப் போட்ட அவருடைய படம், மூலையில் புதிய தேசத்தின் கொடி. பாசாரில் அதைக் கடலை மடிக்க உபயோகித்தார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். ஒரு நோய் போதும், ஒரு முகம் போதும், படித்தவன் போய்ச் சேர ஓர் இடம் போதும் என்றேன்.

"என் படத்தயே எடுத்துட்டா ஜனங்க எத நம்பி வருவாங்க?" என்று கேட்டார்.

"அந்தப் படத்தப் பாத்துத்தான் முதலாளி வராம இருக்காங்க" என்றேன்.

கோபித்துக்கொண்டு போனார். சரக்கு தேங்கியதும் திரும்பி வந்தார்.

சயரோகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வழுக்கைக்காரன் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருவான். சயரோகம் வந்தவன் யாரிடமும் வாய் திறக்க மாட்டான். பெண்ணுக்குச் சம்பந்தம் நின்றுவிடும், தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் தர மாட்டான். வெட்கப்படுகிற வாடிக்கையாளர் கேள்வி கேட்பதில்லை.

முகம் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றேன். பூங்காவனம் அங்கேதான் கிடைத்தாள். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். நெஞ்சு நோய் வார்டில் வெகுகாலம் கிடந்து, ஊசியாலும் மாத்திரையாலும் தேறி, அன்றுதான் வெளியே விட்டிருந்தார்கள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண்ணில், செத்துப் பிழைத்தவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தெளிவு. புருஷன் இதற்குள் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டுவிட்டான். லயத்தில் அவளை உள்ளே விட மாட்டேன் என்றார்களாம். துணி மூட்டையோடு, எந்தப் பஸ்ஸில் ஏறுவதென்று தெரியாமல் நின்றிருந்தாள்.

குடியிருக்க வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, புடவை எல்லாம் தருவதாகச் சொன்னேன். முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் கதையைச் சொன்னால் போதும். அவள் முட்டாளில்லை. நேராகவே கேட்டாள்.

"நான் ஊசி போட்டுத்தானண்ணே தேறுனேன்?"

"இனிமே டானிக்கும் குடிக்கப் போற. எது தேத்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

சிரித்தாள். போக்கிடம் உள்ளவள் சிரித்திருக்க மாட்டாள்.

நான் அடித்த நோட்டீஸ் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. அவள் முகம், சுற்றிலும் வெறும் வெள்ளை. 'இவருக்குச் சயரோகம் இருந்தது. இப்போது இல்லை. பூங்காவனத்தை நேரில் காணலாம்.' கீழே காஜா பேராங் வீட்டு விலாசம். டானிக்கின் பெயர்கூடக் கிடையாது. அதைப் பார்த்துக் கலியாணசுந்தரம் அழாத குறை. ஆனால் ஊரெல்லாம் எழுத்தாய் மொய்த்த காகிதங்களுக்கு நடுவே அந்த வெள்ளையில் கண் தானாக நின்றது. அதை யாரும் சாக்கடையில் போடவில்லை.

வீட்டையும் தாளைப் போலவே அமைத்தேன். முன்னறையில் ஒரு பெஞ்சு, எதிரே அவளுடைய நாற்காலி, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு ஜன்னல். அருகே மேசையில் பாட்டில்கள். சுவரில் நாள்காட்டி இல்லை, சாமி படம் இல்லை. வேறு எதையாவது பார்க்க இருந்தால் மனிதன் யோசிக்கத் தொடங்கிவிடுவான். மூவாரிலிருந்தும் தம்பினிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். அவளைப் பார்த்தார்கள், அழுதார்கள், அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பாட்டிலோடு போனார்கள். அவள் முகத்தைப் பார்த்து இருமலுக்கு மருந்து வாங்கினார்கள். இவர்களுக்குத்தான் வோட்டுரிமை கொடுத்திருக்கிறோம்.

தோட்டத்தில் பால் நிறுக்கிற கருணாகரன் என்பவர் மனைவியை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு இனி போக வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டபோது, போகத்தான் வேண்டும் என்று பூங்காவனம் சொல்ல வாயெடுத்தாள். நான் குறுக்கிட்டு, உடம்பு இரண்டு மருந்தைத் தாங்காது என்றேன். அவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். சில மாதம் கழித்துக் கருணாகரன் தனியாக வந்தார். சட்டைக் கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணுங்க. எம்மேலதான் தப்பு" என்றார். தனக்கும் இருமல் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, தனக்கென்று பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் எதற்கும் தயங்கவில்லை. அப்படிப்பட்டவர்களை ஏமாற்றினேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர்களை ஏமாற்ற ஒருவன் தேவையா?

சிக்கல் பூங்காவனத்திடமிருந்துதான் வந்தது. அவள் ஊசிக்காக வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சிட்டிகளின் கம்போங், தமிழ் மறந்து மலாய் பேசும் பழைய வம்சத்தாரின் குடியிருப்பு. அங்கேயிருந்த ஒரு சிட்டிப் பெண்மணி, பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போன வாடிக்கையாளர்களிடம், இவள் இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று மலாயில் சொல்லியிருக்கிறாள். பெஞ்சு காலியாகத் தொடங்கியது. பின்கதவைப் பலகை அடித்து மூடினேன். உள்ளே வரவும் வெளியே போகவும் முன்வாசல் ஒன்றுதான் என்றானது. பிறகு பூங்காவனத்திடம், டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டதாகவும், இனி ஊசி தேவையில்லை என்று அவரே சொன்னதாகவும் சொன்னேன். நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

"நெசமாவா அண்ணே? முழுசா போயிடுச்சாமா?" என்று கேட்டாள். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. நோட்டீஸுக்கு இந்த முகத்தைப் படம்பிடித்து அச்சுப் பிளாக் எடுக்காமல் விட்டோமே என்று எனக்குத் தோன்றியது.

இருமல் திரும்பி வந்தது. முதலில் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். கன்னத்தில் லேசாகச் சிவப்புத் தடவிக்கொள்ளச் சொன்னேன். கதையைச் சுருக்கச் சொன்னேன். அதற்கும் மேல் போனபோது, பார்த்துக்கொள்ள அவள் தங்கை ஜெயாவைத் தோட்டத்திலிருந்து வரவழைத்தேன். அக்காளும் தங்கையும் ஒரே அச்சு. ஜெயா நோயே காணாதவள். நோட்டீஸில் இருக்கும் படத்தைவிட நன்றாக இருந்தாள்.

அக்காள் தேறும்வரை நீ முன்னறையில் உட்கார், இல்லாவிட்டால் வியாபாரம் நின்று வீடு போய்விடும், நோயாளியோடு தெருவில்தான் நிற்க வேண்டும் என்று ஜெயாவிடம் சொன்னேன். மறுநாள் அக்காளின் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர் கேட்டால் பூங்காவனம் என்றாள். பூங்காவனம் சுவருக்குப் பின்னாலிருந்த உள்ளறையில் பாயில் கிடந்து, தன் கதையைத் தங்கை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயா தவறாகச் சொன்ன இடங்களை அவளே சாயங்காலம் திருத்திக் கொடுத்ததும் உண்டு. அந்த மாதம்போல் எந்த மாதமும் விற்கவில்லை.

தீபாவளி நெருங்கியபோது ஒரு நாள் பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

"மூச்சு விடவே சூசாவா இருக்கு. ஒரே ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடட்டா?"

தீபாவளிக் கூட்டம் போகட்டும், நானே காரில் அழைத்துப் போகிறேன் என்றேன். சரி என்று கையை விட்டுவிட்டாள். அவளை அடைத்து வைத்தேன் என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். உள்ளறைக் கதவில் பூட்டே கிடையாது. திறந்தால் முன்னறை, முன்னறையில் பெஞ்சு, பெஞ்சில் அவளால் குணமாகப்போவதாக நம்பிக்கொண்டிருக்கும் ஜனங்கள். அவர்கள் நடுவே ரத்தம் கக்கிக்கொண்டு நடந்து போக அவளுக்கு மனம் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

சிட்டிப் பெண்மணி மட்டும் ஒரு நாள் தெருவில் என்னை நிறுத்தி, "டியா சாகிட் லாகி?" என்று கேட்டாள். மறுபடி நோயா என்றாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இறந்தது பகலில். பெஞ்சு நிறைந்திருந்தது. ஜெயா தண்ணீர் கொடுக்க உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது நாற்காலியில் உட்காரும்படி கண்ணைக் காட்டினேன். உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண் கதையைக் கேட்டாள். ஜெயா சொன்னாள்:

"பூங்காவனம் உள்ள செத்துக் கெடக்கறா. நான் அவ தங்கச்சி."

குரலை உயர்த்தவில்லை. கதை சொல்லும் அதே குரல்தான். பெஞ்சில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டொருவர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இடத்தை விடவில்லை. பாட்டில் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று ஒரு கிழவர் என்னிடம் மெல்லக் கேட்டார். என் வாழ்நாள் முழுக்க மனிதர்களைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் சரி என்று அந்த நிமிடத்தில் நிரூபணமாயிற்று.

கருணாகரன் அன்று அங்கே இருந்தார். எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளறைக்குப் போனார். தோளில் போட்டிருந்த துண்டால் அவள் முகத்தை மூடிவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை, பாட்டில்களை உடைக்கவில்லை. ஜெயாவைக் கைபிடித்து எழுப்பி, இருமிக்கொண்டே உங்கள் ஸ்டேஷனுக்கு நடத்தி அழைத்து வந்தார். மனைவி செத்ததற்குத் தன்னையே நொந்துகொண்ட மனிதர், முன்பின் பழகாத ஒருத்திக்காக ஏன் அவ்வளவு தூரம் நடந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மந்த புத்திக்காரர்கள் சில சமயம் அப்படி எதையாவது செய்துவிடுகிறார்கள்.

கலியாணசுந்தரத்தை விட்டுவிடுங்கள். அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் மூளையும் கிடையாது. ஊசியை நிறுத்தியது நான். டாக்டர் சொன்னதாகச் சொன்னது நான். அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தும் கூட்டம் போகட்டும் என்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளிடம் நான் ஈவிரக்கமில்லாமல் நடந்துகொண்டதாக ஜெயா சொல்லியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூங்காவனம் என்னை எப்படி மதித்தாள் என்று எனக்குத் தெரியும். கூடப் பிறந்த அண்ணனைப்போல நம்பினாள். கடைசி நாள்கூட, தங்கை பக்கத்திலேயே இருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணே, அண்ணே என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகவே கேட்டது. பெஞ்சில் ஆட்கள் இருந்ததால் நான் போகவில்லை.