மூன்றாம் மாடித் தொலைபேசி

இடியப்பத்தை ஒற்றை ஆளுக்கென்று யாரும் அவிப்பதில்லை. கொழும்புக் காலி வீதிக் கடைகளிலும் பத்துக்குக் குறைத்துக் கட்டச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். தனியாக இருப்பவன் பேக்கரிப் பாண் சாப்பிட வேண்டியதுதான். நானும் வருடக்கணக்காகப் பாண்தான் சாப்பிட்டேன், பிள்ளை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

நேற்றுச் செத்தவீட்டில் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அங்கிள், அம்மா விழுந்து கிடக்கேக்கை ரிசீவர் ஏன் தொங்கிக்கொண்டு இருந்தது? ஆரோடை கதைச்சவா?" தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். சனத்துக்கு நடுவில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால், இதை எழுதி உங்கள் கதவுக்கடியில் வைக்கிறேன்.

நான் நாலாம் மாடி. உங்கள் அம்மா யோகேஸ்வரி எனக்கு நேர்கீழே, மூன்றாம் மாடி. பதினொரு வருடம் அப்படி இருந்தும் நாங்கள் கதைத்ததெல்லாம் லிஃப்ட் வேலை செய்கிறதா என்பது பற்றித்தான். பிறகு, அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்குப் போக உங்கள் தம்பி சயந்தன் ஏறிய விமானம் இந்து சமுத்திரத்துக்கு மேல் காணாமல் போனது. முதல் மாதம் படிக்கட்டு முழுக்கச் செருப்பு. இரண்டாம் மாதம் ஒரு சோடியும் இல்லை. நீங்களும் ரொறன்ரோவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் படம் வரைந்தவன். இருந்த எரிபொருளில் விமானம் எவ்வளவு தூரம் பறந்திருக்கலாம் என்று பார்த்து, கடற்படத்தில் ஒரு வட்டம் கீறிக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். வட்டத்துக்குள் ஆளில்லாத் தீவுகள் சிலவும், யாரும் பாவிக்காத ஒரு பழைய ஓடுபாதையும் இருந்தன. விமானத்தைக் கடத்தி இறக்கிவிட்டார்கள், பயணிகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் ஆயிரம் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது நானும் அதை நம்பினேன். அம்மா அந்த வட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். இடியப்பமும் சொதியும் தந்தார். அது ஒரு புதன்கிழமை. அதன் பிறகு எல்லாப் புதனும் நாலு மணிக்கு, போவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது.

வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருக்கும் அல்லவா. விமானத்தில் என்ன சரக்கு ஏற்றினார்கள், விமானி ஏன் திசை திருப்பினான், கரையொதுங்கிய இறக்கைத் துண்டு ஏன் வேறொரு விமானத்துடையது என்று வாரத்துக்கு ஒன்றாகக் கொண்டுபோனேன். கிடைத்ததெல்லாம் தீர்ந்ததும் நானே எழுதத் தொடங்கினேன். நன்றாகத்தான் எழுதினேன் போலிருக்கிறது. சில மாதம் கழித்து அவை வேறு யார் யாரோ பெயரில் எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தன.

மூன்றாம் வருடம் நீங்கள் வந்து ஐயரோடு நாள் பார்த்தீர்கள். தர்ப்பைப் புல்லில் சயந்தனின் உருவம் செய்து எரித்து, முகத்துவாரக் கடற்கரையில் அந்தியேட்டிக் காரியம் செய்வது என்று முடிவு. உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். அது முடிந்தால் அம்மா உங்களோடு வந்துவிடுவார். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்குப் பெத்த தாயே பிண்டம் வைப்பிச்சா, அந்தப் பிள்ளையின்ரை ஆயுள் என்னாகும் எண்டு யோசிச்சனீங்களோ?"

அப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அன்றே ஐயருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் கோபித்துக்கொண்டு நாலு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அந்த நாலு மாதமும் அவர் என்னோடு கூடுதலாகக் கதைத்தார்.

போன வருடம் பொரளையில் பார்த்த டாக்டர் இதய வால்வு பழுது என்றார். நீங்கள் ரொறன்ரோவில் ஒப்பரேஷனுக்கு எல்லா ஒழுங்கும் செய்தீர்கள், விசாவும் வந்தது. அம்மா அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கினார். தனக்குக் களைத்துவிட்டது என்றும், சயந்தன் இல்லையென்றுதான் மனம் சொல்கிறது என்றும் அமைதியாகச் சொன்னார். எனக்குப் பயம் வந்தது. வேறொன்றுமில்லை, இனிப் புதன்கிழமையும் மற்ற நாட்களைப் போல ஆகிவிடும் என்ற பயம். சிரிக்காதீர்கள், எழுபத்தொரு வயதில் அது பெரிய பயம்.

காணாமல் போனவர்களின் கைபேசிகள் பல நாள் கழித்தும் மணியடித்தன என்று ஒரு கதை உலவியது. அதிலிருந்துதான் எனக்கு எண்ணம் வந்தது. அம்மாவின் தொலைபேசி பழையது, அழைப்பவரின் இலக்கம் காட்டாது. சயந்தனுக்கு மனப்பாடமான இலக்கம் என்று அதை மாற்றவும் அவர் விடவில்லை. ஒரு பிற்பகல் என் கட்டிலில் இருந்தபடி அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா லிஃப்டுக்கும் காத்திராமல் படியேறி வந்தார். இந்த வீட்டுக்கு நான் குடிவந்த நாளிலிருந்து, கூப்பிடாமல் என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவர்தான்.

"அண்ணை, அவன் எடுத்தவன். கதைக்கேல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பெத்த எனக்கு அவன்ரை மூச்சுத் தெரியாதே?"

அது என் மூச்சு. அவரைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

சூட்கேஸ் திரும்ப மேலே போனது. ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குத் தெரியும், டாக்டர் எழுதியதை அவருக்கு வாசித்துச் சொன்னவனே நான்தான். மாதத்தில் இரண்டு தடவை எடுத்தேன், அதற்கு மேல் இல்லை. ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அழைப்புகளில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இந்தப் புதன் இரண்டரைக்கு எடுத்தேன். நெடுநேரம் மணியடித்த பிறகுதான் எடுத்தார். குளியலறையிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு இளைத்தது. "இந்தமுறை ஒரு சொல்லாவது கதை ராசா. அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். பிறகு விழுந்தார். காதிலும் கேட்டது, என் காலுக்குக் கீழே தரையிலும் கேட்டது.

நான் ஃபோனை வைக்கவில்லை. அவருடைய மூச்சு இருந்தது. இருபது நிமிடம், அது நிற்கும்வரை, கேட்டுக்கொண்டிருந்தேன். படி இறங்க ஒரு நிமிடம் போதும், அவர் வீட்டுப் பூட்டின் திறப்பும் என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அவர் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. என் நேரம் நாலு மணி. நாலு மணிக்குப் போய்த் தட்டினேன், திறந்தேன், எல்லோரையும் கூப்பிட்டேன். ரிசீவரை எடுத்து வைத்திருக்கலாம். அவருடைய விரல் வயரைப் பிடித்தபடி இருந்தது, விலக்க எனக்கு மனம் வரவில்லை. விழுந்த உடனேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதையும் உங்களிடம் நான் சொல்லவில்லை.

அவர் தனியாகச் சாகவில்லை, பிள்ளை. மகன் மறுமுனையில் இருக்கிறான் என்ற நினைப்போடுதான் போனார். எனக்கு அப்படி யாரும் இருக்கப்போவதில்லை.

பொலிசுக்குக் கொடுப்பதென்றால் இதைக் கொடுக்கலாம், நாலாம் மாடி இரத்தினசிங்கம் என்று கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. முப்பத்தோராம் நாள் அம்மாவோடு சேர்த்துச் சயந்தனுக்கும் காரியம் செய்வதாகச் சொன்னீர்கள். அம்மாவுக்குச் செய்யுங்கள். தம்பிக்குச் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை, வானத்திலிருந்து எடுத்த ஒரு செய்மதிப் படம் கிடைத்தது. அந்தப் பழைய ஓடுபாதையின் ஓரமாக ஓர் இளைஞன் நிற்கிறான். ஒரு தோளைச் சரித்து நிற்கும் விதம் அப்படியே அவன்தான். முந்தியவை நான் செய்தவை, ஒத்துக்கொள்கிறேன். இது நான் செய்ததல்ல. திரும்பிப் போகும் விமான ரிக்கற்றைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, புதன்கிழமை நாலு மணிக்கு மேலே வாருங்கள், காட்டுகிறேன்.