நாற்பது மூச்சு

மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகைவிட மனசுதான் முக்கியம், ஐயா. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் பதினெட்டு வருடமாகத் தொண்ணூறு கிலோ மூட்டை சுமக்கிறவன் சொல்கிறேன். லாரி வந்து நின்றதும், முதல் மூட்டைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். மூட்டை ஏற்கெனவே தோளில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு நாற்பது மூச்சு எண்ணுவேன். லாரிக்கு ஒரு தடவை அது போதும். எனக்கு ஒருநாளும் இடுப்புப் பிடித்ததில்லை.

சென்றாயன் இந்த எழுபத்தெட்டாம் வருடம்தான் சேந்தமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தான். புகையிலையை அடக்கிக்கொண்டு, கதை பேசியபடியே தூக்குவான். நான் கண்மூடி நின்றால், "அண்ணனுக்குச் சாமி வருது, உடுக்கை அடிங்கடா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். தை பிறந்தால் மேஸ்திரி வேலை அவனுக்குத்தான் என்று முதலாளி சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வியாழன் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கிடங்கில் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்தது. நான் தள்ளவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மல்லாந்து விழுந்த சென்றாயன் நெஞ்சின்மேல் மூன்று மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"அண்ணா, வெரசா எடுங்கண்ணா. மூச்சு உட முடியலீங்க."

"பொறு சாமி. மனசு இன்னும் கூடி வரலை" என்றேன்.

கண்ணை மூடி நாற்பது எண்ணி, முதல் மூட்டையை இறக்கினேன். மறுபடியும் மூடினேன். பாதியில் அவன் "சின்னாயீ" என்று முனகினான். அது அவன் பெண்டாட்டி பெயர். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவதுக்கு எண்ணும்போது கிடங்கில் சத்தமே இல்லை, மனசு நன்றாக ஒருமித்தது. அதை இறக்கியபோது புகையிலைச் சாறு அவன் கன்னத்தில் வழிந்து நின்றிருந்தது.

பயத்தில் கை கால் ஓடவில்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிடச் சொன்னார் முதலாளி. நான் பயப்படவில்லை. பொறாமை என்று மற்றவர்கள் பேசுவதும் சரியில்லை. பாரம் என்றால் முறைப்படிதான் தூக்க வேண்டும், நான் முறை தவறவில்லை.

அப்புறம் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே சென்றாயனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு ஓடினேன். எண்பது கிலோவாவது இருப்பான். அதற்கு ஒரு மூச்சுகூட எண்ணவில்லை, ஐயா.