பாய்ந்து வரும் தண்ணீருக்கு ஒரு வார்த்தை

— எரியறதா? தண்ணியைப் பத்தின வார்த்தைக்கு எரியறதுன்னா அர்த்தம்?

— அதாவது, இங்கிலீஷ்ல டாரண்ட்னா பாய்ஞ்சு வர்ற தண்ணி. எதிர்ல இருக்கறதையெல்லாம் அடிச்சுப் புரட்டிக்கிட்டு வருமே, அது. ஆனா வேரைத் தோண்டிப் பார்த்தா, லத்தீன்ல காய வைக்கிறது, சுட்டெரிக்கிறதுன்னு வருது. இதுக்குத் தமிழ்ல ஒண்ணு போட்டாத்தான் இந்த மொழிபெயர்ப்பு முடியும். காலையிலேர்ந்து இந்த ஒத்தை வார்த்தையோட மல்லுக்கட்டறேன்.

— நான் காலையிலேர்ந்து வார்டுல நோயாளிங்களோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். செருப்பைக் கழட்டக்கூடக் குனிய முடியல. தண்ணி வந்துச்சாங்க?

— வரல. கேளேன், இன்னும் இருக்கு. ரொட்டியைச் சுட்டு டோஸ்ட்டுங்கறோமே, அதுவும் இதே வேர்தான். தாகத்துக்கு தர்ஸ்ட்னு சொல்றான் பாரு, அது தூரத்துச் சொந்தம்.

— நம்ம வீட்டுக்கு ஏத்த குடும்பம்தான். ஒரு சொட்டுகூடவா வரல?

— வந்தா எனக்குத் தெரியாதா? சமையக்கட்டு வாசல்லயே மேஜையைப் போட்டு உட்கார்ந்திருக்கேன்.

— குழாயைத் திறந்துவிட்டு, கீழ பக்கெட்டை வச்சிட்டுப் போனேன். இன்னிக்கு நம்ம தெருவோட முறை. சரி, பாயறதுக்கும் காயறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

— அப்படிக் கேளு! கொதிக்கிற தண்ணி மாதிரி நுரைச்சு வர்றதால அந்தப் பேருன்னு ஒரு கட்சி. வெயில்ல காஞ்சு கெடக்கற ஆறு, மழை பேஞ்சதும் திடீர்னு பாயுதே, அதனாலன்னு இன்னொரு கட்சி.

— நான் ரெண்டாவது கட்சி. காஞ்சு கெடக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். உங்கப்பாவைக் குளிப்பாட்டி ஒரு வாரமாச்சு. கேன் தண்ணியில துணியை நனைச்சு எவ்வளவுதான் துடைக்கிறது? படுத்த படுக்கையில முதுகு புண்ணாகிட்டு வருதுங்க. இன்னிக்குத் தலைக்கே ஊத்தி விடறேன் மாமான்னு சொல்லிட்டுப் போனேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள போறது?

— விடு, நாளைக்கு வரும்.

— நாளைக்கு வேற தெரு. ஏங்க, மாடி வீட்டு அக்கா போர்வையெல்லாம் காயப் போட்டிருக்காங்க. படியேறும்போது என் தலையில சொட்டுச்சு.

— லாரித் தண்ணி வாங்கியிருப்பாங்க.

— லாரித் தண்ணியில போர்வை துவைப்பாங்களா? கீழ் வீட்டு வாசலும் பளிச்சுன்னு கழுவி விட்டிருக்கு. குழாய் திறந்துதானே இருக்கு?

— திறந்துதான் இருந்துச்சு.

— இருந்துச்சுன்னா?

— சும்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு சீறிக்கிட்டே இருந்துச்சும்மா. வெறும் காத்து. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து ஓடுது. கொஞ்ச நேரம் வாயை மூடுன்னு குழாயைத் திருகி மூடினேன். அப்புறம்… மறந்தே போச்சு. ஆனா வார்த்தை கெடைச்சிடுச்சு. காட்டாறுன்னு போட்டிருக்கேன்.

— அந்தக் காத்து வந்தா, பின்னாடியே தண்ணி வருதுன்னு அர்த்தம்ங்க. அந்தச் சீறலுக்குத்தான் தெருவே காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

— எனக்கெப்படித் தெரியும்? என்னிக்கும் நீதானே புடிப்பே?

— ஆமா. நான்தான் புடிப்பேன்.

— திட்டணும்னா திட்டிடு. இப்படிச் சுவத்துல சாஞ்சு உட்காராதே.

— திட்டறதுக்கும் தெம்பு வேணுமே. மெதுவாப் பேசுங்க, உள்ள மாமா தூங்கறாரு. எழுந்தா என்னத்தைச் சொல்லுவேன்?

— அம்மாடி, வந்துட்டியா? நான் எங்க தூங்கினேன்! காலையில குழாய் சீறுச்சே, அப்பவே சட்டையைக் கழட்டிட்டு, துண்டைக் கையில வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.